மேலுக்கும் தலைக்கும்

ஒருவர் நாள்தோறும் தம் உடலுக்குச் செய்துகொள்ள வேண்டியவற்றை ஆயுர்வேத நூல்கள் 'தினசரியை' என்ற பெயரில் வகுத்துச் சொல்கின்றன. கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் வாகபடரின் அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திரஸ்தானம் என்னும் முதற்பகுதியின் இரண்டாம் அத்தியாயம் இதைப் பற்றியது. விடியலுக்கு முன் எழுவது, பல் துலக்குவது, கண்ணுக்கு மையிடுவது, எண்ணெய் தேய்த்துக்கொள்வது, பாதி வலிமை செலவாகும் அளவுக்கு மட்டும் உடலை உழைக்கவிடுவது, பொடி தேய்ப்பது என்று செல்லும் அந்த ஒழுங்கில், குளியலுக்கு உழைப்புக்குப் பின்னும் உணவுக்கு முன்னுமாக ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் இரண்டு தலைமுறைக்கு முன் குடும்பங்கள் கடைப்பிடித்த குளியல் முறையை இன்று நினைத்துப் பார்த்தால், வாகபடரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத வீடுகளில் அந்த வரிசை ஏறக்குறைய அப்படியே அடுப்படியிலும் கிணற்றடியிலும் நடந்துவந்தது விளங்கும்.

குளியலால் அழுக்கும் வியர்வையும் அரிப்பும் மட்டுமல்லாமல் களைப்பு, சோம்பல், தாகம், உடல் எரிச்சல் ஆகியவையும் நீங்கும் என்றும், 'அக்னி' எனப்படும் செரிக்கும் ஆற்றல் தூண்டப்பட்டுப் பசி எழும் என்றும், ஆயுளும் ஊக்கமும் வலிமையும் பெருகும் என்றும் வாகபடர் சொல்கிறார். இந்தப் பயன்களைக் காட்டிலும், அவற்றை அடுத்து வரும் எச்சரிக்கைகளே கவனத்துக்கு உரியவை. கழுத்துக்குக் கீழே ஊற்றும் வெந்நீர் உடலுக்கு வலுவூட்டும்; அதே வெந்நீரைத் தலையில் ஊற்றினால் மயிருக்கும் கண்ணுக்கும் கேடு. முகவாதம், அதாவது முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும் நோய், கண்டவரும், கண், வாய், காது ஆகியவற்றில் நோய் உள்ளவரும், பீனிசம் எனப்படும் நாட்பட்ட மூக்கடைப்பு உடையவரும், வயிறு உப்பியவரும், கழிச்சல் கண்டவரும், உண்டது செரிக்காதவரும், இப்போதுதான் உண்டு எழுந்தவரும் குளிக்கலாகாது. எல்லாரும் எந்நாளும் எவ்வகையிலாவது நீரில் நனைய வேண்டும் என்பது மரபின் கட்டளை அன்று. இன்றைய உடலுக்கு இன்றைய குளியல் எது என்று தீர்மானிப்பதே அதன் உட்கருத்து. அந்தத் தீர்மானத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள்.

அப்படி ஒருவர் இருந்த வீடு கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்த அந்த வீட்டின் பின்கட்டில், கிணற்றை ஒட்டி வெந்நீர் அடுப்பு ஒன்று இருந்தது. அதன்மேல் ஏற்றிய செப்புத் தவலை வெளிப்புறம் முழுவதும் கரி ஏறியும், புளி போட்டுத் துலக்கிய வாய்ப்புறம் மட்டும் செவசெவவென்றும் இருக்கும். எரிப்பதற்குச் சவுக்கு மிலாறும், பண்ணுருட்டிப் பக்கத்திலிருந்து வரும் உறவினர் சாக்கில் கட்டிக் கொண்டுவரும் முந்திரிச் சருகும் பயன்பட்டன; சருகு சடசடவென்று பற்றிக்கொண்டு உடனே அடங்கிவிடும், மிலாறுதான் நின்று எரியும். அடுப்புக்கு எதிரே பலகை போட்டு அமர்ந்திருப்பவர் அந்த வீட்டுப் பாட்டி. தென்னார்க்காட்டு வழக்கப்படி எல்லாருக்கும் அவர் ஆயா.

பிள்ளைகள் ஒவ்வொருவராக அவரிடம் போய் நின்றாக வேண்டும். "ராத்திரி நல்லாத் தூங்குனியா?" "வெளிக்குப் போனியா?" "நேத்து யாரு ஐஸ் வாங்கிக் குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், கழுத்தடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும். "இன்னிக்குத் தலைக்கு ஊத்திக்க" என்றால் முழுக் குளியல். "மேலுக்கு ஊத்திக்க, தலைக்கு வேணாம்" என்றால் கழுத்துக்குக் கீழே மட்டும். மூன்றாவது தீர்ப்பு அரிதாகவே வரும்: துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட்டு, நெற்றியில் திருநீறு இட்டு, மாற்றுடை உடுத்திச் சாப்பிட அனுப்பிவிடுவார். சாத்திரங்கள் நீரில் குளிப்பதை 'வாருண ஸ்நானம்' என்றும், நீரில் குளிக்க இயலாதவர் நீறு பூசிக்கொள்வதை 'ஆக்னேய ஸ்நானம்' என்றும் கூறுகின்றன. வருணன் நீருக்கும் அக்கினி தீக்கும் தெய்வம் ஆதலால் இந்தப் பெயர்கள் வந்தன. நோயுற்றவனைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்கும்போதே, அன்றாட ஒழுங்கிலிருந்து விலக்கிவிடாமல் அவனுக்கும் ஓர் இடம் வைத்த இந்த ஏற்பாடு, மருத்துவ நோக்கில் மட்டுமன்றி மனித நோக்கிலும் உயர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. காய்ச்சல்காரப் பிள்ளைக்கும் அன்று காலை குளித்துவிட்ட நிறைவு இருந்தது; மற்றப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து கஞ்சி குடித்தது.

கூழானாலும் குளித்துக் குடிக்க வேண்டும் என்ற பழமொழி அந்த வீட்டில் அறிவுரையாக அல்லாமல் சமையலறைச் சட்டமாகவே நடைமுறையில் இருந்தது. குளிக்காத பிள்ளைக்குத் தட்டு வைக்கமாட்டார்கள். சாப்பிட்டுவிட்ட பிள்ளையைக் கிணற்றடிக்கு விடமாட்டார்கள். குளித்தபின் வரும் பசியே உண்மையான பசி என்பது ஆயாவின் கொள்கை. உண்டவுடன் குளித்தால் செரிமானம் கெடும் என்பதற்கு இன்றைய மருத்துவத்தில் வலுவான சான்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆயினும் கழிப்பு, குளிப்பு, உணவு என்ற வரிசை ஒரே நேரத்தில் நாள் தவறாமல் நடக்கும்போது வயிறு அந்த நேரத்துக்குப் பழகிக்கொள்கிறது என்பதை அத்தகைய வீடுகளில் வளர்ந்தவர்கள் தம் உடலாலேயே அறிவார்கள்.

எண்ணெய்க் குளியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வடமொழியில் 'அப்யங்கம்' எனப்படும் எண்ணெய் தேய்ப்பை நாள்தோறும் செய்ய வேண்டும் என்றும், தலை, காது, உள்ளங்கால் ஆகிய மூன்று இடங்களை விட்டுவிடலாகாது என்றும் வாகபடர் கூறுகிறார். தமிழ்ச் சித்த மருத்துவ மரபில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியோ நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்கிறது. எண்ணெய் தேய்த்த நாளில் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கடலூர் வீடுகளில் அது வாரம் ஒருமுறையாக, ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை என்று அமைந்திருந்தது. நாள்தோறும் என்றிருந்தது வாரந்தோறும் என்று ஆனதைச் சிலர் மரபின் தேய்வாகக் கருதுவதுண்டு. அந்தக் கருத்து சரியன்று. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றில் கபம் மிகுந்தவருக்கும் செரிமானம் குன்றியவருக்கும் எண்ணெய் ஆகாது என்று வாகபடரே விலக்கியிருக்கிறார். கடற்காற்றில் உடல் எந்நேரமும் பிசுபிசுக்கும் ஓர் ஊரில், பெரும்பாலானவர்களுக்கு வாரம் ஒருமுறை போதும் என்று தலைமுறைகள் கண்டறிந்திருந்தால், அது நூலின் நோக்கத்தை அந்த ஊரின் காற்றுக்கு ஏற்ப நிறைவேற்றியதே ஆகும்.

சனிக்கிழமைக் காலையில் இரும்புக் கரண்டியில் செக்கு நல்லெண்ணெயை ஊற்றி, நாலைந்து மிளகும் ஒரு சிட்டிகைச் சீரகமும் போட்டுக் காய்ச்சி, மிளகு வெடித்ததும் இறக்கிவிடுவார்கள். கை பொறுக்கும் சூடு வந்தபின், உச்சியில் ஒரு கரண்டி எண்ணெயை வைத்து உள்ளங்கையால் தட்டித் தட்டி இறக்குவதே முதல் வேலை. பிறகு காது மடலின் பின்புறம், தொப்புள், முட்டியின் உட்குழிவு, கடைசியில் உள்ளங்கால். முதுகைத் தேய்க்க மட்டும் இன்னொருவர் கை வேண்டும் என்பதால் அண்ணன் தம்பிகளிடையே அன்று காலை சண்டை இருக்காது. எண்ணெயோடு அரை மணி நேரமாவது உலவிய பிறகு, சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவற்றை வெயிலில் காயவைத்து அரைத்த பொடியை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். நூல்கள் 'உத்வர்த்தனம்' என்று குறிப்பிடும் பொடி தேய்த்தல், எண்ணெயைக் கழற்றும் வேலையாக இங்கே குளியலோடு சேர்ந்துவிட்டது. வெட்டிவேர் கடலூர்க் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளைவது; ஆகவே அந்தப் பொடியின் மணத்தில் உள்ளூர் மண்ணுக்கும் பங்குண்டு. கடலை ஒட்டிய பகுதிக் கிணறுகளின் தண்ணீர் சற்று உவர்ப்பானது. இத்தகைய கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். சீயக்காய்க்கு அந்தத் தொல்லை இல்லை. பழக்கத்தை விடாதிருந்த ஆயாக்களின் பிடிவாதத்துக்குப் பின்னால் வேதியியலும் இருந்தது.

குளித்தபின் தலை துவட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவதும், மிளகு ரசமும் சூடான சோறும் பரிமாறுவதும், தயிரை அன்று ஒதுக்கிவிடுவதும், பகலில் கண் அயராதபடி பார்த்துக்கொள்வதும் அந்தக் குளியலின் பகுதிகளே. பகல் தூக்கத்தைத் தடுப்பதற்கென்றே ஆயா தாயக்கட்டையை எடுத்துவைப்பார்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சான்று வள்ளலாரிடம் கிடைக்கிறது. சிதம்பரத்துக்கு அருகில் உள்ள மருதூரில் 1823இல் பிறந்து, 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞானசபையையும் நிறுவிய வள்ளலார் இராமலிங்க அடிகள், தம்மைச் சார்ந்தவர்களுக்காக நித்திய கரும விதி என்ற ஓர் உரைநடை வழிகாட்டியையும் தந்திருக்கிறார். விடியலுக்கு முன் எழுவது, பல் துலக்குவது, மூலிகை கலந்த பானம் அருந்துவது ஆகியவற்றைக் கூறிவிட்டு, பொழுது விடிந்து ஐந்து நாழிகை வரை இளவெயில் மேனியில் படாமல் காத்துக்கொண்டு, அதன்பின் வெந்நீரில் குளிக்கும்படி அவர் சொல்கிறார். ஒரு நாழிகை 24 நிமிடம் ஆதலால் ஐந்து நாழிகை இரண்டு மணி நேரம் ஆகும். எண்ணெய் தேய்த்து முழுகுவதையும் வாரக் கடனாக அவர் வைத்திருக்கிறார். விடியற்காலையில் குளிர்ந்த நீரில் மூழ்குவதே தவம் என்று கருதப்பட்ட காலத்தில், உடலை வருத்தாமல் பொழுது ஏறிய பிறகு வெந்நீரில் குளிக்கச் சொன்ன அந்தக் கனிவு, பசித்தவருக்கு அடுப்பு அணையாமல் சோறிட்ட அவருடைய மற்றப் பணிகளோடு முற்றிலும் பொருந்துகிறது. வடலூர்ச் சுற்றுவட்டாரத்தில் வயதானவர்கள் பலர் பச்சைத் தண்ணீர்க் குளியலைத் தவிர்ப்பதற்கு அவர் வாக்கையே காரணமாகச் சொல்லக் கேட்கலாம்.

சிதம்பரத்துக்குப் போனால் குளியல் கோயிலுக்குள்ளும் நாள்கடனாகவே இருப்பதைக் காணலாம். நடராசர் கோயிலில் ஸ்படிக லிங்கத்துக்கு நாள்தோறும் ஆறு காலமும் அபிஷேகம் உண்டு. நடராசருக்கோ ஆண்டுக்கு ஆறுமுறை மட்டுமே. சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்று நட்சத்திர நாள்களிலும், ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் சதுர்த்தசித் திதிகளிலும் அது நடைபெறும். மனிதருக்கு ஓராண்டு என்பது தேவருக்கு ஒரு நாள். ஆகையால் ஆண்டின் ஆறு அபிஷேகங்களும் ஒரே நாளின் ஆறு காலங்கள் என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள். கூத்தப்பெருமானும் நாள் தவறாமல் குளிப்பவரே, அவருடைய நாள்தான் நீண்டது. ஆயிரங்கால் மண்டபமாகிய இராசசபையில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் இருட்டோடு போய் இடம் பிடித்து அமர்ந்தவர்களுக்கு, சிவாலய அபிஷேகத்தின் பொது வரிசை நன்கு தெரிந்திருக்கும். முதலில் எண்ணெய்க் காப்பு, அடுத்து அந்த எண்ணெயை எடுப்பதற்கு அரிசி மாவும் மஞ்சள் பொடியும், பின்னர்ப் பால், தயிர், தேன், இளநீர், சந்தனம், இடையிடையே நீராட்டு, முடிவில் ஆடை கொண்டு ஒற்றி எடுத்தல், அலங்காரம், நைவேத்தியம். எண்ணெய், பொடி, நீர், உணவு என்ற வாகபடரின் ஒழுங்கும் ஆயாவின் சனிக்கிழமை ஒழுங்கும் அங்கே திருமேனியின்மீது நடக்கக் காணலாம். கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததா, வீட்டிலிருந்து கோயிலுக்குப் போனதா என்பதைவிட, மூன்று தலைமுறைப் பிள்ளைகள் குளியலின் முறையை இப்படிக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டார்கள் என்பது முக்கியமானது.

அதே ஊரில் இளமையாக்கினார் கோயில் என்று ஒன்று இருக்கிறது. தில்லை எனப்படும் சிதம்பரத்தில் வாழ்ந்த குயவரான திருநீலகண்ட நாயனாரும் அவர் மனைவியும், இளமையில் ஏற்பட்ட ஒரு பிணக்கால் ஒருவரை ஒருவர் தீண்டாமல் ஒரே வீட்டில் முதுமை எய்தி, இறுதியில் இறைவன் முன் ஒரு மூங்கில் கோலின் இரு முனைகளையும் பற்றிக் குளத்தில் மூழ்கி, இளமையோடு எழுந்தார்கள் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. குளியல் ஆயுளையும் இளமையையும் தரும் என்று மருத்துவ நூல் சொன்னதை, ஊர் தன் குளத்தின்மீது ஏற்றிக் கதையாக வைத்துக்கொண்டது. அந்தக் குளக்கரையில் வயதான தம்பதியரைக் காணும்போதெல்லாம் இந்த வரலாற்றைச் சொல்லாமல் கடந்துபோகும் சிதம்பரத்துக்காரர் குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த மரபின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, எந்தெந்தச் சமயங்களில் கட்டாயம் நீராட வேண்டும் என்று பட்டியலிடும்போது, கீழோர் எனக் கருதப்பட்டவரைத் தொட்டதையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. உடலைத் தூய்மை செய்யும் நீரை, சக மனிதரைத் தீட்டாக்கும் கருவியாகவும் இச்சமூகம் பயன்படுத்தியது. சிதம்பரத்தில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, தில்லைக்குள் நுழையத் தயங்கி நின்ற சிவனடியார் நந்தனார் குளத்து நீரில் அல்லாமல் தீயில் மூழ்கியே உள்ளே போக நேர்ந்தது என்று மரபு சொல்கிறது. அங்குள்ள ஓமக்குளத்தை அந்த நிகழ்வோடு இணைத்துக் காட்டுகிறார்கள். அந்த நந்தனாரின் பெயரிலேயே சுவாமி சகசானந்தர் 1916இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி தந்தார். கிணறும் செப்புத் தவலையும் செக்கெண்ணெயும் உடைய வீடுகளின் ஒழுக்கத்தையே தமிழர் மரபு முழுவதும் என்று எழுதுவது, வீராணம் ஏரியின் பாசன வயல்களில் நாள் முழுவதும் நடவு நட்டு, அந்தியில் வாய்க்காலில் இறங்கிக் குளித்த பெண்களை மறந்துவிடுவதாகும். களைப்பும் வியர்வையும் எரிச்சலும் நீங்கவே குளியல் என்று கொண்டால், உழைப்புக்குப் பின், இரவு உணவுக்கு முன் அவர்கள் குளித்த அந்த மாலைக் குளியல், நூலில் எழுதப்படாவிட்டாலும், நூலின் நோக்கத்துக்கு மிக நெருங்கியது. வீராணம் நீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. தலைநகரின் எத்தனையோ வீடுகளில் காலைக் குளியல் இன்று அந்த ஏரியைக் கொண்டே நடக்கிறது.

மரபில் கைவிட வேண்டிய பழக்கம் ஒன்றும் உண்டு. பிறந்த குழந்தையைக் காலை நீட்டி அமர்ந்து மடியில் கிடத்திக் குளிப்பாட்டுவதில் கைதேர்ந்த மூதாட்டிகள் இவ்விரு ஊர்களிலும் இருந்தார்கள். குழந்தையின் முதுகெலும்பை அவர்கள் இரண்டு விரலால் நீவிவிடும் நேர்த்தியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் சளி எடுப்பதாகச் சொல்லிக் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும், தொண்டைக்குள் விரல் விடுவதும் அந்தக் குளிப்பாட்டலின் பகுதியாக இருந்தன. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான நிமோனியா உண்டாகும் என்று குழந்தை மருத்துவர்கள் பலகாலமாக எச்சரித்து வருகிறார்கள். யாருக்கு எது ஆகாது என்று அவ்வளவு கவனமாகப் பட்டியலிட்ட ஒரு மரபு, இந்த எச்சரிக்கையையும் தன் விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதே முறை.

இன்று குளிக்காமல் வேலைக்குப் போகிறவர் குறைவு. வெந்நீர் வேண்டுமென்றால் கீசரைத் திருகினால் போதும். குறைந்துபோனது குளியல் அல்ல, குளிக்கும் முன் ஒருவர் எதிரே நின்று நாக்கையும் தூக்கத்தையும் வயிற்றையும் கேட்டறிவதுதான். தலையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்பவருக்கும், வயிற்றுப்போக்கோடு தலை முழுகிவிட்டு அலுவலகம் போகிறவருக்கும், "இன்னிக்கு மேலுக்கு மட்டும் போதும்" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் எழுபதைக் கடந்த ஆயாவோ பெரியம்மாவோ இருந்தால், அவர்கள் வீட்டில் எந்த எண்ணெய், எந்தப் பொடி, எந்தக் கிழமை, யாருக்கு எப்போது தலைக்கு ஊற்றக்கூடாது என்பதைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பகுதியை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள்.